மீனம்மாள் சொன்னது

2025 ஜனவரி 17, வெள்ளி

நாளைக்கு என் சாப்பாட்டு நடைக்கு ஆறு பேர். செக்காலை ரோட்டில் ஆரம்பித்து நான்கு கடை, இரண்டு மணி நேர நடை. பெங்களூரிலிருந்து வரும் சௌபர்ணிகா என்ற பெண் இரண்டு முறை போன் செய்துவிட்டார். நிலக்கடலை ஆகாதாம், துளி பட்டாலும் மூச்சு அடைக்குமாம். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். தை மாதம், தெருவுக்குத் தெரு கல்யாண மேளம். ஊரைச் சுற்றிக் காட்ட இதைவிட நல்ல மாதம் கிடையாது.

ஜனவரி 19, ஞாயிறு காலை

நேற்று எழுத முடியவில்லை.

மூன்றாவது கடை மீனம்மாள் அக்காவுடையது. வெள்ளைப் பணியாரம். அங்கே நிற்கும்போது ஒரு மாப்பிள்ளை அழைப்பு வந்தது. நாதஸ்வரக்காரர் கல்யாணி வாசித்தார், அப்படி ஒரு வாசிப்பு. இது என்ன ராகம் என்று ஒருவர் கேட்டார். நான் கூடவே பாடிக் காட்ட ஆரம்பித்தேன். எல்லோரும் என்னைப் படம் பிடித்தார்கள். அந்த நேரம் சௌபர்ணிகா தட்டை வாங்கி, ஒரு பணியாரத்தைச் சட்னியில் தொட்டுத் தின்றிருக்கிறார்.

ஐந்தே நிமிடம். உதடு வீங்கியது. கழுத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினோம். ஊசி போட்டபிறகுதான் மூச்சு சீரானது. பிழைத்துக்கொண்டார்.

இந்த நடையை நடத்தும் சேவுகப்பெருமாள் அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். "சட்னியில நெலக்கடலைன்னு கடைக்கார அம்மா சொல்லலையா?" அவரேதான் அப்படிக் கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன்.

ஜனவரி 20

மேளச் சத்தத்தில் எனக்குக் கேட்காமல் போயிருக்கலாம் இல்லையா?

ஜனவரி 22, புதன்

கூட வந்த ஒருவர் வீடியோ போட்டிருக்கிறார். மீனம்மாள் அக்கா அடுப்புக்குப் பின்னால் திகைத்து நிற்கிறார். கீழே "கவனக்குறைவால் ஓர் உயிர் போகப் பார்த்தது" என்று எழுத்து. ஊரில் எல்லோர் போனிலும் அதுதான். அண்ணன் அந்தக் கடையை எங்கள் வழியிலிருந்து எடுத்துவிட்டார். கணவர் இல்லாதவர், அந்த அடுப்பை வைத்துத்தான் மகளை நர்சிங் படிக்க வைக்கிறார்.

அவர் என்னைத் தேடி வரவில்லை. ஒரு போன்கூட இல்லை. ஏன் வரவில்லை?

ஜனவரி 25, சனி

இன்றைக்கு எட்டுப் பேரைப் பக்கத்துத் தெரு வழியாகச் சுற்றி அழைத்துப் போனேன். ஒரு பெரியவர், இங்கே பணியாரம் பேர்போனது என்றார்களே என்றார். இன்றைக்கு இல்லை என்றேன். என் குரல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

போதும். அக்கா சொன்னது எனக்குக் கேட்டது. "பிரியா, இன்னைக்கு தேங்கா பத்தல, நெலக்கடலை போட்டு அரைச்சிருக்கேன். வந்தவுகள்ட்ட சொல்லிரு." ஒரு சொல் விடாமல் கேட்டது. சரி என்று தலையாட்டவும் செய்தேன். பாட்டை நிறுத்த மனசில்ல எனக்கு — அம்புட்டுத்தான். அப்புறம் மறந்தே போனேன்.

ஜனவரி 28, செவ்வாய்

அக்கா கடை மூடிக் கிடந்தது. வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்றேன், உள்ளே வா என்று அவர் சொல்லவில்லை. நீங்க சொன்னது எனக்குக் கேட்டுச்சுக்கா, நான்தான் பொய் சொல்லிட்டேன் என்றேன். காலைப் பிடிக்கக் குனிந்தபோது நகர்ந்துகொண்டார்.

"இத எங்கிட்ட எதுக்குச் சொல்ற? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவுகளுக்குப் போய்ச் சொல்லு."

கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

ஜனவரி 29, புதன்

முதலில் அண்ணனிடம் சொன்னேன். "அன்னைக்கே சொல்லிருந்தா ஒன்னய விட்டுக்குடுத்திருக்க மாட்டேன்" என்றார். அடையாள அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வந்தேன்.

பிறகு செக்காலை ரோட்டில் நின்று, என் முகம் தெரிய, பேரைச் சொல்லி, நடந்ததைப் பேசி நானே வீடியோ போட்டேன். சௌபர்ணிகாவுக்கும் போன் செய்தேன். முழுக்கக் கேட்டார். அந்த அம்மாவிடம் பேச வேண்டும், நம்பர் கொடுங்கள் என்றார். என்னிடம் வேறொன்றும் பேசவில்லை.

பிப்ரவரி 2

வீடியோவுக்குக் கீழே வந்த திட்டையெல்லாம் படித்து முடித்தேன். எதுவும் தப்பில்லை.

பிப்ரவரி 15, சனி

சந்திரலேகா என்ற பெண் இப்போது நடைக்கு அழைத்துப் போகிறாராம். நான் ஒரு ஜெராக்ஸ் கடையில். சாயங்காலம் ஏதோ ஒரு கல்யாண மேளம் கடை வாசலில் போனது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டேன்.

மார்ச் 14, வெள்ளி

மீனம்மாள் அக்கா கடையைத் திறந்து பத்து நாளாகிறது என்று கேள்விப்பட்டேன். இன்றைக்குத்தான் போகத் தைரியம் வந்தது. கூட்டம் இருந்தது. கடைசி ஆளாக நின்றேன். என்னைப் பார்த்தார், கை நிற்கவில்லை. மற்றவர்களுக்குப் போலவே எனக்கும் நாலு பணியாரம் வைத்துக் கொடுத்தார். ஓரமாக நின்று தின்றேன்.

தட்டைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"ஞாயித்துக்கெழம கடை கெடையாது. மத்த நாளெல்லாம் உண்டு" என்றார், அடுப்பைப் பார்த்தபடியே.

எனக்குத்தான் சொன்னார். பக்கத்தில் வேறு யாரும் இல்லை.