பணியாளர் செய்திக்கு ஒரு பத்தி

தலைமை மையம்
ஜூன் 4

கிளை மையச் செவிக்கருவிப் பராமரிப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். நமது வட்டாரக் கல்வி உதவி மையத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் பணியாற்றிய தாங்கள் ஜூலை 31 அன்று ஓய்வு பெறுகிறீர்கள். இதையொட்டி, ஜூலை மாதப் ‘பணியாளர் செய்தி’ மடலில் வெளியிடுவதற்காக, தங்கள் பணி அனுபவம் குறித்து ஒரு பத்தியும் ஒரு புகைப்படமும் அனுப்பி உதவும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதுவரை இருப்பது எல்லோருக்கும் போகிற படிவம். இனி எழுதுவது நான்.

செய்தி மடலை இந்த வருடம் என் தலையில் கட்டிவிட்டார்கள். யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் பயிற்சிக்குப் போய் வந்தார், யாருக்கு மாற்றல், யாருக்கு ஓய்வு, எல்லாம் என் கையால்தான் போகிறது. பட்டியலில் உங்கள் பெயர் வந்ததும் படிவத்தை மட்டும் அனுப்பிவிட்டுச் சும்மா இருந்துவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. நான்கு முறை போன் செய்தேன். நீங்கள் எடுக்கவில்லை. புத்தக வேன் வாரம் ஒருமுறை உங்கள் பக்கம் வருகிறதே, அதன் தபால் பையில் போட்டால் கைக்காவது வந்து சேரும் என்று எழுதுகிறேன்.

உடம்பு எப்படி இருக்கிறது? நான் நன்றாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
நிர்வாக மேற்பார்வையாளர்
(‘உங்கள் மனைவி’ என்று போடலாமா என்று தெரியவில்லை.)


கிளை மையம்
ஜூன் 12

மேற்பார்வையாளருக்கு,

பத்தி: ‘முப்பத்தோரு வருடங்கள் செவிக்கருவிகளைப் பழுது பார்த்தேன். எல்லோருக்கும் நன்றி.’

புகைப்படம் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை.

செவிக்கருவிப் பராமரிப்பாளர்


தலைமை மையம்
ஜூன் 18

அன்புள்ளவருக்கு,

இது பத்தி இல்லை, தந்தி. கணக்குப் பாடப் பயிற்றுநர் தன் மூக்குக்கண்ணாடி தொலைந்து கிடைத்ததைப் பற்றியே ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குக் காது கொடுத்தவர் நீங்கள். இரண்டு வரியில் முடித்தால் எப்படி? பள்ளிக்கூடங்களில் இன்னும் உங்களைக் ‘காது மாமா’ என்றுதான் கேட்கிறார்கள். போன மாதம் ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். ஒரு ஆசிரியை என்னிடமே, “காது மாமா எங்க மேடம், ஏன் இந்தப் பக்கமே வர்றதில்ல?” என்று கேட்டாள். “ரொம்ப வேலை” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இங்கே செய்தி என்று சொன்னால், பேச்சுப் பயிற்சிப் பிரிவுக்கு வேறு கட்டடம் கொடுத்துவிட்டார்கள். நம் மாடியில் இப்போது நானும் நகலெடுக்கும் இயந்திரமும்தான். அது சூடானால் நின்றுவிடுகிறது. நிற்கும்போது மாடியே நின்றுபோன மாதிரி இருக்கிறது. மதியச் சாப்பாட்டை மேசையிலேயே முடித்துக்கொள்கிறேன்.

மகள் நன்றாக இருக்கிறாள். “அப்பா எழுதுறாரும்மா, ஆனா பேச மாட்டேங்கறார். போன் பண்ணா எடுக்கறதே இல்ல” என்று குறைபட்டாள். என் மேல் கோபம் என்றால் என்னோடு இருக்கட்டும். பிள்ளையிடம் எதற்கு?

பத்தியைக் கொஞ்சம் நீட்டி எழுதுங்கள்.

அன்புடன்,
நான்


கிளை மையம்
ஜூன் 27

உனக்கு,

மகள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவளிடம் சொல்லிவிடு.

பத்தி கேட்டாய். இதைப் போடு.

இங்கே வந்த இரண்டாவது வருடம், மலைப் பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒரு சின்னப் பெண்ணை அழைத்து வந்தார்கள். ஆறு வயது. முதல்முறையாகக் கருவி மாட்டினேன். அம்மா கூப்பிட்டாள், திரும்பவில்லை. நான் மணி அடித்தேன், திரும்பவில்லை. சரி, அளவு தப்பு என்று கழற்றப் போனபோது அவள் நாற்காலியிலிருந்து இறங்கி நடந்தாள். இரண்டு அடி போனவள் நின்று தன் காலைப் பார்த்தாள். செருப்பின் சத்தம்! மறுபடி நடந்தாள், மறுபடி நின்றாள். அரைமணி நேரம் அந்த அறையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். “போதும் வாடி, பஸ் போயிடும்” என்று அம்மா கூப்பிடுகிறாள். அவள் எங்கே கேட்கிறாள்! அன்றைக்கு அவளுக்கு அவள் காலே போதுமாக இருந்தது.

இது பத்திக்கு. இனி எழுதுவது உனக்கு மட்டும்.

என் மாற்றலை நான் எங்கே படித்தேன் தெரியுமா? பணியாளர் செய்தியில். அறிவிப்புப் பலகையில் குத்தியிருந்தார்கள். ஆறாவது வரி. இரண்டு வேன் டிரைவர்கள் பக்கத்தில் நின்றிருந்தார்கள். ஒருவர், “என்ன சார், சொல்லவே இல்லையே?” என்றார். நான் சிரித்துக்கொண்டே, “வீட்ல தெரியும்” என்றேன். வீட்டில் தெரியும்தான். உனக்குத் தெரியும். பக்கத்தில் குத்தியிருந்த மாற்றல் உத்தரவில் கையெழுத்து உன்னுடையது. தேதியைப் பார்த்தேன். பதினோரு நாள் முந்தியது.

மாற்றல் எனக்குப் பெரிய விஷயம் இல்லை. அந்தப் பதினோரு நாளும் நீ எனக்குச் சோறு போட்டாய்.

நான்


தலைமை மையம்
ஜூலை 9

அன்புள்ளவருக்கு,

உங்கள் கடிதத்தைப் பையிலிருந்து எடுத்து, படித்து, மூன்று நாள் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். சாக்குச் சொல்லப் போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

கிளை மையத்துக்கு ஒருவர் போயாக வேண்டும் என்று இயக்குநர் சொன்னார். ஒன்று நீங்கள், இல்லையென்றால் உங்கள் பிரிவில் அப்போதுதான் பிரசவம் முடிந்து வந்திருந்த பெண். “நீங்களே முடிவு பண்ணுங்கம்மா” என்று தாளை என் பக்கம் தள்ளினார். அவளை அனுப்பினால் கைக்குழந்தையோடு எங்கே போவாள்? அதோடு, புருஷனைக் காப்பாற்றிக்கொண்டாள் என்று மாடி முழுக்கப் பேசுவார்கள். இரண்டும்தான் காரணம். முதலாவதை மட்டும் சொன்னால் நான் நல்லவளாகத் தெரிவேன், அதனால் இரண்டையும் சொல்கிறேன்.

உங்களிடம் கேட்டிருந்தால் நீங்களே, “நான் போறேன், அந்தப் பொண்ணை விடு” என்று சொல்லியிருப்பீர்கள். இது எனக்குத் தெரியும். தெரிந்துமா கேட்கவில்லை என்று நீங்கள் நினைப்பது எனக்கு இங்கேயே தெரிகிறது. ஒவ்வொரு நாள் சாயங்காலமும் சொல்லத்தான் வாயெடுத்தேன். நீங்கள் அந்த வாரம் நல்ல சந்தோஷத்தில் இருந்தீர்கள். யாரோ ஒரு பையன் பேச ஆரம்பித்துவிட்டான் என்று சாப்பிட்டுக்கொண்டே சொல்லிச் சிரித்தீர்கள். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனேன். அவ்வளவுதான் நடந்தது. ஏழு வருடம் போய்விட்டது.

நீங்கள் பெட்டியோடு இறங்கிப் போன அன்று ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். நான் வாசலிலேயே நின்றிருந்தேன்.

வீட்டில் உங்கள் அறையை அப்படியே வைத்திருக்கிறேன் என்று சொன்னால் பொய். அதில் மகளின் பெட்டிகளும் பழைய மடல்களும் ஏறிவிட்டன. ஆனால் ஒரு நாளில் ஒழித்துவிடலாம். ஓய்வுக்குப் பிறகு என்ன செய்வதாக இருக்கிறீர்கள்?

அன்புடன்,
உங்கள் மனைவி


கிளை மையம்
ஜூலை 18

உனக்கு,

உண்மையைச் சொன்னாய். அது போதும். அந்தப் பெண்ணின் குழந்தைக்கு இப்போது ஏழு முடிந்திருக்கும். நல்லது.

நான் இங்கேயே இருந்துவிடலாம் என்று இருக்கிறேன். மையத்துக்குப் பின்னால், மாடியில் ஒரு அறை. ஜன்னலைத் திறந்தால் பள்ளி மைதானம். இந்த ஊர் பழகிவிட்டது. அறையை ஒழிக்க வேண்டாம்.

வழியனுப்பு விழாவுக்கு யாரும் வர வேண்டாம் என்று இயக்குநரிடமும் சொல்லிவிடு. இங்கே இருக்கிற நாலு பேர் போதும்.

நான்


தலைமை மையம்
ஆகஸ்ட் 2

என்னங்க,

வர வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். நான் வந்திருந்தேன்.

முப்பத்தோராம் தேதி காலை முதல் பஸ். ஐந்து மணி நேரம். நான் வந்து சேர்ந்தபோது கூட்டம் முடிந்து எல்லோரும் மைதானத்து ஓரம் நின்றிருந்தீர்கள். பின்னாலிருந்து பார்த்தே உங்களைத் தெரிந்துகொண்டேன். அந்த நீலச் சட்டை எனக்குப் புதிது. முடி இவ்வளவு வெளுத்திருக்கும் என்று நினைக்கவில்லை. பிள்ளைகள் உங்கள் முகத்துக்கு நேரே நின்று ஏதோ சொல்ல, நீங்கள் குனிந்து அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

பத்தடி தூரத்தில் நின்று “என்னங்க” என்றேன். நீங்கள் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து, கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டேன். மூன்றாவது தடவை நான் போட்ட சத்தத்தில் இரண்டு ஆசிரியைகள் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளைகள் பார்த்தார்கள். நீங்கள் மட்டும் பார்க்கவில்லை.

இத்தனை பேர் முன்னால் இப்படி ஒரு பதிலா என்று நினைத்து வந்த வழியே நடந்தேன். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தபோது உங்கள் மையத்தில் பிள்ளைகளுக்கு இயன்முறைப் பயிற்சி (பிசியோதெரபி) கொடுக்கிற பெண் மூச்சு வாங்க ஓடிவந்தாள். “அக்கா, நீங்க அவர் வீட்டம்மாதானே? போயிடாதீங்க. அவருக்குக் கேக்கலக்கா.”

“எனக்கு அவரைத் தெரியும்மா. கேக்காத மாதிரி இருப்பார்.”

“ஐயோ, நிஜமாவே கேக்காதுக்கா. இடது காது சுத்தமா இல்ல. வலது பாதி. மூணு வருஷமாச்சு. யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கியிருக்கார். மையத்துக்குப் போன் வந்தா நான்தான் எடுப்பேன். தன் போனை அவர் தொடறதே இல்ல.”

பஸ் வந்துவிட்டது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஏறிவிட்டேன். ஐந்து மணி நேரமும் ஜன்னலைப் பார்த்தபடி வந்தேன். அந்தப் பெண்ணைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஏன் சொல்லவில்லை?

உங்கள் மனைவி


மாடி அறை
ஆகஸ்ட் 11

உனக்கு,

இனி தபால் பையில் போட எனக்கு உரிமை இல்லை. இயன்முறைப் பெண் தன் கடிதத்தோடு சேர்த்து அனுப்புகிறாள். அவளைக் கோபித்துக்கொள்ளவில்லை.

முதலில் கருவிகளின் விசில் சத்தம் கேட்காமல் போயிற்று. பழுது பார்ப்பவனுக்கு அதுதான் முக்கியம். மீட்டர் முள்ளைப் பார்த்து வேலை செய்யக் கற்றுக்கொண்டேன். பிறகு பிள்ளைகள். உதட்டைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். “கூச்சப்படாதே, மாட்டிக்கோ” என்று முப்பத்தோரு வருடம் ஊரெல்லாம் சொன்ன வாய் இது. எனக்காக நானே செய்த கருவி மேசை இழுப்பறையில் கிடந்தது. மாட்டிக்கொள்ளவில்லை. தெரிந்தால் வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள் என்று பயம். அதையும் பணியாளர் செய்தியில் போடுவார்கள். அதைவிட, உனக்குத் தெரிந்துவிடும் என்று.

நீ பத்தடி தூரத்தில் நின்றாய் என்று படித்ததும் கீழே இறங்கி மைதானத்துக்குப் போனேன். எந்த இடமாக இருக்கும் என்று பார்த்தேன்.

ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நீ முன்னால் வந்து நின்றிருக்கலாம். காது போனாலும் கண் இருக்கிறதே. மூன்று தடவை கூப்பிட்டவள் நாலு அடி சுற்றி வந்திருந்தால் பார்த்திருப்பேன். நமக்குள்ளே எப்போதும் இதுதான். நீ பின்னாலேயே நிற்பாய். நான் திரும்ப மாட்டேன்.

நான்


தலைமை மையம்
ஆகஸ்ட் 16

என்னங்க,

சரிதான். நான் சுற்றி வந்திருக்க வேண்டும்.

ஜூலை மடல் தாமதமாக இப்போதுதான் அச்சாகி வந்தது. உங்கள் பத்தியில் ஒரு எழுத்தைக்கூட நான் தொடவில்லை. சாப்பாட்டு அறையில் ஒரு டிரைவர் உரக்கப் படித்தார். செருப்புச் சத்தம் வருகிற இடத்தில் நிறுத்திவிட்டு, மீதியைப் பக்கத்து ஆளைப் படிக்கச் சொன்னார்.

இருபத்திநாலாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அதே முதல் பஸ்ஸில் வருகிறேன். உங்களை அழைத்துப் போக இல்லை. பரிதாபப்பட்டும் இல்லை. எனக்கு இன்னும் இரண்டு வருட வேலை இருக்கிறது, உங்களுக்கு அந்த ஜன்னல் இருக்கிறது. அதற்குப் பிறகு என்ன என்று இப்போது தெரியவில்லை. ஒரு பகல் எதிரெதிரே உட்காரலாம். வர வேண்டாம் என்றால் எழுதிவிடுங்கள்.

உங்கள் மனைவி


மாடி அறை
ஆகஸ்ட் 20

உனக்கு,

வா.

பதினொன்றரைக்குப் பஸ் வரும். மையத்தைத் தாண்டி இடது பக்கச் சந்து, கடைசி வீடு, படி செங்குத்தாக இருக்கும், பிடித்துக்கொண்டு ஏறு. கருவியை மாட்டிப் பழகுகிறேன். பாத்திரம் வைக்கிற சத்தம்கூட மண்டையில் விழுகிறது, அதனால் வீட்டில் பாதி நேரம் கழற்றித்தான் வைக்கிறேன். வந்து கதவைத் தட்டிக்கொண்டு நிற்காதே, கேட்காது. காலையிலிருந்தே திறந்து வைத்திருப்பேன். நேரே உள்ளே வா.

நான்