மூன்று இருபது, ஒரு அறுபது

மார்ச் 3

அம்முவுக்கு,

சைட்டில் தண்ணீர் பம்ப் இரண்டைப் பொருத்திவிட்டோம், இன்னும் நாலு பாக்கி. தபால் வண்டி வாரம் ஒருமுறைதான் வருகிறது. அதனால் உன் புலம்பல் ஏழு பக்கமும் மொத்தமாக வந்து சேர்ந்தது. மேனேஜர் மேசையில் ஒரு போன் இருக்கிறது. சுற்றி ஆறு பேர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதில் தாய்ப்பாலைப் பற்றி என்ன பேசுவது?

லேபில் பால் எடுக்க மூன்று தடவை எழுந்து போகும்போது சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்க்கிறார் என்று எழுதியிருந்தாய். எதற்கு மூன்று தடவை? மெஷினை மாட்டு, கழற்று, கழுவு, இதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. எந்த மோட்டாரையும் அடிக்கடி போட்டு நிறுத்துவதுதான் கேடு. ஒரே ஓட்டமாக ஓட்ட வேண்டும். மூன்று இருபது நிமிடமும் ஒரு அறுபது நிமிடமும் ஒன்றுதான். மதியம் ஒரு மணிக்கு உட்கார், இரண்டு மணிக்கு எழுந்திரு. அட்டவணை போட்டு இணைத்திருக்கிறேன். சூப்பர்வைசரிடம் காட்டு, வாயைத் திறக்கமாட்டார்.

நம் பாப்பா உருண்டையின் கன்னத்தை என் சார்பில் ஒருமுறை கிள்ளு. மெதுவாக.

உன்
அவசரக்குடுக்கை


மார்ச் 10

என் அவசரக்குடுக்கைக்கு,

அட்டவணையைக் காட்டினேன். சூப்பர்வைசருக்கு வாயெல்லாம் பல். "உன் வீட்டுக்காரர் விவரமானவரும்மா"ன்னு சொன்னார். காலை, மாலை இடைவேளை இரண்டையும் விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

ஆனால் பதினொரு மணிக்கே மார்பு கல்லாகிவிடுகிறது. நேற்று ரத்த மாதிரிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தபோது ஜாக்கெட் நனைந்துவிட்டது. ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடியே மதியம் வரை நடமாடினேன். பக்கத்து மேசைக்காரி, "என்னடி, ஃபைல் மேல அவ்வளவு பாசம்?" என்கிறாள்.

பழைய நோட்டுப் புத்தகக் கட்டுகள் அடுக்கிய அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் முதல் கால் மணியில் வருவதோடு சரி. மிச்ச நேரம் மெஷின் காற்றைத்தான் இழுக்கிறது. முன்பு மூன்று தடவையிலும் சேர்த்து 360 மில்லி. இப்போது 240. பழகினால் சரியாகிவிடுமா?

உருண்டை கவிழ்ந்து படுக்கிறாள். திரும்பி மல்லாந்து படுக்கத் தெரியவில்லை, திட்டுகிறாள்.

உங்கள் அம்மு


மார்ச் 17

அம்முவுக்கு,

240 என்பது குறைவு. மெஷினைப் பார்க்க வேண்டும். உள்ளே வெள்ளை ரப்பர் வால்வு இருக்கும், தேய்ந்திருந்தால் இழுவிசை போய்விடும். மாற்று. குழாயில் ஈரம் நிற்கிறதா பார். மார்பில் வைக்கும் கப் சரியான அளவா? நீ தண்ணீர் குடிக்கிறாயா? வேலையில் இறங்கினால் உனக்குச் சாப்பாடுகூட மறந்துவிடும், தெரியும்.

முடிந்தால், சும்மா ஒரு சோதனைக்காக, மறுபடி மூன்று தடவையாகவும் எடுத்துப் பார்.

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது.

அவசரக்குடுக்கை


மார்ச் 24

என்னங்க,

வால்வு மாற்றினேன். குழாய் மாற்றினேன். கப்பில் மூன்று அளவும் வாங்கிப் பார்த்தேன். மேசையில் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு மாடு மாதிரி குடிக்கிறேன். நேற்று 130.

சூப்பர்வைசரிடம் பழையபடி மூன்று இடைவேளை வேண்டும் என்று கேட்டேன். "நீதானேம்மா கேட்டு மாத்திக்கிட்ட? அந்த நேரத்தை வச்சு வேற ஆளுக்கு ஷிப்ட் போட்டாச்சு" என்றார். என் கையெழுத்தைக் காட்டினார்.

குழந்தைகள் காப்பகத்து அம்மா வெள்ளிக்கிழமை, "மூணு மணிக்கே பாட்டில் காலி. விரலைச் சப்பிக்கிட்டு அழுவுது பாப்பா" என்றார். வரும் வழியில் பால் பவுடர் டப்பா வாங்கினேன். கடைக்காரர் பையில் போட்டுத் தரும்வரை யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். திருடியா நான்?

மெஷின் நன்றாக இருக்கிறது. அப்படியென்றால் என் உடம்பில்தான் கோளாறு. குளித்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்று இந்த உடம்பைத் திட்டுகிறேன்.

அம்மு


மார்ச் 31

அம்மு,

உன் உடம்பில் கோளாறு இல்லை. நான் சொன்ன கணக்கு தப்பு.

மார்ச் 14-ம் தேதி விரலில் தகடு கிழித்து முதலுதவி அறைக்குப் போனேன். கட்டுப் போட்ட நர்ஸம்மாவிடம் என் அட்டவணையைப் பற்றிப் பெருமையடித்தேன். அவர் கட்டுப் போடுவதை அப்படியே நிறுத்திவிட்டு, "பொண்டாட்டிக்கா இதைச் சொன்னீங்க? மார்பு என்ன தொட்டியா சார்? காலியாகக் காலியாகத்தான் ஊறும். நிறைஞ்சு நின்னா, இவ்வளவு தேவையில்லைபோலன்னு உடம்பே குறைச்சுக்கும். உடனே போன் பண்ணுங்க" என்றார்.

நம்பவில்லை என்று எழுதலாம். பொய். அங்கேயே புரிந்துவிட்டது. மூன்று நாள் கழித்துத்தான் உனக்கு வால்வைப் பற்றி எழுதினேன். நீ வால்வை மாற்றுவாய், சோதனை என்று சொல்லி மூன்று தடவைக்குத் திரும்புவாய், எல்லாம் சரியாகிவிடும், என் தப்பு வெளியே தெரியாமலே போய்விடும் என்று கணக்குப் போட்டேன். இரண்டாவது கணக்கும் தப்பு.

பாப்பா விரலைச் சப்பினாள் என்ற வரியையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன். பம்ப் பொருத்தும் வேலையில் போல்ட்டைக் கீழே விட்டேன்.

சூப்பர்வைசருக்கு ஒரு கடிதம் இணைத்திருக்கிறேன். தப்பு என்னுடையது, இடைவேளைகளைத் திருப்பிக் கொடுங்கள் என்று. லீவு கேட்டிருக்கிறேன், ஏப்ரல் 20-ம் தேதி வருகிறேன். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்.

நான்தான்


ஏப்ரல் 7

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தைச் சூப்பர்வைசரிடம் கொடுக்கவில்லை. நானே போய், "சார், விவரம் தெரியாம கையெழுத்துப் போட்டுட்டேன். மூணு தடவை வேணும். இல்லன்னா மேலிடத்துல கேக்கறேன்" என்றேன். அரை மணி நேரம் முணுமுணுத்தார். இரண்டு தடவை கிடைத்தது. மூன்றாவதை மதியச் சாப்பாட்டு நேரத்தில் எடுத்துக்கொள்கிறேன், ஒரு கையில் ஸ்பூன். ஐந்து நாளில் 180-க்கு ஏறியிருக்கிறது. பழையபடி 360 வருமா, தெரியாது. மிச்சத்துக்குப் பவுடர். உருண்டைக்கு இரண்டும் ஒன்றுதான், குடித்துவிட்டுச் சிரிக்கிறாள். எனக்குத்தான் டப்பாவைத் திறக்கும்போது இப்போதும் கண் வாசல் பக்கம் போகிறது.

கணக்கு தப்பியதற்கு எனக்குக் கோபமில்லை. எனக்கும்தான் தெரியவில்லை, சரி என்று தலையாட்டினேன். ஆனால் 14-ம் தேதி உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் போனில், ஆறு பேர் நடுவில், "நான் சொன்னது தப்பு" என்று சொல்லியிருக்கலாம். பால் என்ற வார்த்தையே வேண்டாம், எனக்குப் புரிந்திருக்கும். அதைச் சொல்லாததால் பதினைந்து நாள் என் உடம்பைத் திட்டித் தீர்த்தேன். அது உங்களுக்கு வர வேண்டிய திட்டு.

என்ன வேண்டுமானாலும் சொல் என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்லி உங்கள் பாரத்தையும் நானே இறக்கிவைக்க வேண்டுமா? என்னால் இப்போது முடியாது.

20-ம் தேதி வாருங்கள். வந்ததும் எதையும் பிரித்துப் பார்த்துச் சரிசெய்ய வேண்டாம். நான் வேலைக்குப் போனபின் உருண்டை அழுவாள். தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். எதற்கு அழுகிறாள் என்று தெரியாவிட்டாலும் கீழே விடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

பாப்பாவின் அம்மா