கறுத்த துரையும் சிவந்த கூலியும்

பிப்ரவரி 8, ஞாயிறு

ஆண்டர்சன்பேட்டை சர்ச் ஹாலில் இன்று எங்கள் நாடகம். இங்கே வெள்ளைக்காரர்கள் தங்கச் சுரங்கம் நடத்திய காலத்துக் கதை. நிறம் முக்கியமில்லை, யாரும் எந்த வேஷமும் கட்டலாம் என்று பெங்களூரிலிருந்து வந்த டைரக்டர் பெண் சொல்லிவிட்டாள். அதனால் அட்டக்கறுப்பான நான் வெள்ளைக்காரத் துரை. பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்தியர் பேட்ரிக் அண்ணன், பூனைக் கண்ணும் சிவந்த தோலுமாக, எனக்குக் கூலி. என் மனைவி அப்பிவிட்ட பவுடரை டைரக்டர் துடைக்கச் சொன்னாள்.

கூலியை இங்கிலீஷில் திட்ட வேண்டிய இடத்தில் எனக்கு வசனம் மறந்துபோனது. காலடியில் கும்பிட்டுக் கிடந்த அண்ணன் மெதுவாக எடுத்துக் கொடுத்தார். அவர் சொல்லச் சொல்ல அவரையே திட்டினேன். முன்வரிசைக்குக் கேட்டுவிட்டது. "தொரைக்குக் கூலி டியூஷன் எடுக்குறான்பா" என்று யாரோ சொல்ல, ஹாலே சிரித்தது. டைரக்டருக்கு ஒரே சந்தோஷம். அடுத்த ஞாயிறும் இப்படியே செய்யணுமாம்.

வீட்டுக்கு வரும்போது அண்ணன் என்னை விட்டு விறுவிறுவென்று முன்னால் நடந்தார். என்ன கோபம் என்று கேட்டேன்.

"எங்க தாத்தாவும் சுரங்க ஷாஃப்டுல எறங்கி வேலை செஞ்சவருதான். மார்க்கெட்ல இன்னும் என்னை 'இன்னா தொர'ன்னுதான் கூப்புடுறாங்க. நாடகத்துலயாவது ஒரு நாள் கூலியா இருக்கலாம்னு பாத்தேன். அங்கயும் இங்கிலீஷ் வாத்தியார் ஆக்கிட்டியே."

டைரக்டர் என்ன சொன்னாலும் சரி, வசனத்தை மனப்பாடம் செய்தாக வேண்டும். நாலே வரி. எழுதி எழுதிப் பார்க்கிறேன். இரண்டாம் வரியிலேயே கண் சொக்குகிறது.