கெட்டிக்கும்போது பேசக்கூடாது

கார்ல்ஸ்ரூஹே, ஜெர்மனி, 21 செப்டம்பர் 1968

இன்றும் காடு. கறியே தொடாத என் வீட்டுக்காரர் கோபாலனுக்கு வேட்டைப் பைத்தியம் என்றால் மெட்ராஸில் யார் நம்புவார்கள்? துப்பாக்கி, அவருடைய ஆய்வுக்கூட நண்பர் கெஸ்லருடையது; தாத்தா காலத்தது. குழாயின் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, நீளக் கம்பியால் கெட்டிக்க வேண்டும். அப்போது யாரும் வாய் திறக்கக்கூடாது என்பது கெஸ்லரின் சட்டம். ஒன்றும் சுடவில்லை. காளான் வாசனை, ஈர இலை, பிளாஸ்கில் காபி. எனக்கு அதுவே பரம சுகம்.

3 அக்டோபர்

இங்கே இன்னும் மூன்று வருஷம் இருக்கப் போகிறாராம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜூனில் மெட்ராஸுக்குப் போய்ச் சேராவிட்டால் என் காலேஜ் வேலை போய்விடும் என்று தெரியாதா? "அப்புறம் பேசலாம்" என்கிறார். எப்போது அப்புறம்?

5 அக்டோபர்

இன்று மறுபடியும் காடு.

அவர் குழாயில் மருந்தைக் கொட்டியதும் நான்தான் வாயைத் திறந்தேன். கெஸ்லர் தள்ளி நின்றிருந்தார். "எனக்குன்னு ஒரு லைஃப் கிடையாதா?" என்றேன். இவர் முகம் கடுகடுவென்று ஆனது. கெட்டித்துவிட்டு, மரத்தின் மேல் கட்டியிருந்த வேட்டைப் பரணில் ஏறிவிட்டார்.

நானும் கெஸ்லரும் புதருக்குப் பின்னால் உட்கார்ந்தோம். கெஸ்லர் கோடை முழுக்கக் காத்திருந்த கிழ மான் வெளியே வந்தது. பரணில் துப்பாக்கி தோளுக்கு உயர்ந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது — நான் பேசிய பிறகு மறுபடியும் மருந்து கொட்டினாரே! கொட்டினாரா? ஐயோ, நிச்சயமாகத் தெரியவில்லையே. இரட்டை மருந்தை அந்தப் பழங்குழாய் தாங்காது. முகத்திலேயே வெடிக்கும்.

"சுடாதீங்க!" என்று கத்திவிட்டேன்.

மான் ஓடிவிட்டது. கெஸ்லர் என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார். இவர் இறங்கி வந்து, "பழி வாங்கறியா?" என்றார். குழாயில் கம்பியை விட்டுப் பாருங்கள் என்றேன். மருந்து சரியான அளவு என்றால் கம்பியில் உள்ள கோடு குழாய் வாயோடு நிற்க வேண்டும். ஒரு விரற்கடை மேலே நின்றது; இரட்டை மருந்துதான். கெஸ்லர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

6 அக்டோபர்

ரசம் வைத்தேன். சாப்பிட்டார்.

12 அக்டோபர்

காட்டுக்கு வரமாட்டேன் என்றேன். விடவில்லை, இழுத்துக்கொண்டு போனார். கெட்டித்து முடித்ததும் கம்பியின் கோட்டை எனக்குக் காட்டினார். பிறகு துப்பாக்கியைக் கெஸ்லரிடம் கொடுத்துவிட்டார்.

"நான் இன்னிக்குச் சுடலை. வா, நடக்கலாம்" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "காலேஜ்ல என்னிக்கு ஜாயின் பண்ணணும்?"

ஜூன் மாதம் என்றேன்.

பின்னால் எங்கோ வெடி கேட்டது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு பேருக்கும் ஊர் திரும்பக் கப்பலா, விமானமா என்று கேட்டுக்கொண்டே நடந்தார்.