உன் கோழிகளும் அப்பாவின் கையும்

அன்பு மகனுக்கு,

இந்த வீட்டில் எல்லோரும் நலம். கோழிகள் எங்கள் எல்லோரையும் விட நலம். உன் உடம்பு எப்படி இருக்கிறது, குளிர் குறைந்ததா என்று எழுது. கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பயப்படாதே. கடையில் என் வலது கையில் சவரக்கத்தி பட்டுக் கட்டுப் போட்டிருக்கிறது, அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். (அண்ணா, அப்பா சொன்னதில் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அடைப்புக்குறிக்குள் இருப்பது மட்டும் என்னுடையது.) நீ போன கடிதத்தில், உன் குட்டைக் கோழிகளால் எங்களுக்குத் தொந்தரவு என்று வருத்தப்பட்டு, பறவை வளர்க்கும் ஒருவரிடம் பேசி, இந்த மாதக் கடைசியில் வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லியிருப்பதாக எழுதியிருந்தாய். நல்ல காரியம். நீ வேலைக்குப் போன நாளிலிருந்து நான் தலைபாடாக அடித்துக்கொள்வதை இப்போதாவது காதில் வாங்கினாயே. கோழி என்று ஒன்று இருந்தால் அதனால் வீட்டுக்கு ஏதாவது உபயோகம் இருக்க வேண்டும். இவை புறா அளவுக்கு இருந்துகொண்டு, கோலிக்குண்டை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு முட்டை போட்டுவிட்டு, அதற்குத் தெருவையே கூட்டுகின்றன. கால் விரல் வரைக்கும் இறகு. மழை பெய்தால் கால்சட்டை நனைந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக வந்து நிற்கின்றன, துடைத்துவிட ஒரு ஆள் வேண்டும். (துடைத்துவிடுகிற ஆள் அப்பாதான். கடையில் முகம் துடைக்கும் துண்டால். முடி உலர்த்தும் மெஷினையும் ஒரு நாள் எடுத்து வந்தார். சேவலுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று.)

இதில் பருந்து வேறு. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மேல் வந்து உட்கார்ந்தால், கடையில் தன் முறைக்குக் காத்திருப்பவர் மாதிரி அவசரமே இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. சாம்பல் நிறப் பெட்டையை அது கொண்டுபோனதை நான் உனக்கு எழுதவில்லை. எழுதி என்ன, நீ அங்கே இருந்துகொண்டு கல்லா எறியப் போகிறாய். கடைக்கு வருகிறவர்களிடம் யோசனை கேட்டேன். முகத்தில் சோப்பு நுரை ஏறியதும் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்துவிடுகிறது. ஒருவர் நாய் வளர்க்கச் சொன்னார், நாயிடமிருந்து கோழியைக் காப்பாற்ற என்ன வளர்ப்பது என்று கேட்டேன். தபால்காரர் மட்டும், கண்ணில் வெளிச்சம் அடித்தால் பருந்து இறங்காது, கண்ணாடி கட்டித் தொங்கவிடுங்கள் என்றார். கண்ணாடிக்கா நமக்குப் பஞ்சம். கடையில் ஓரம் கறுத்துப்போன பழைய கண்ணாடிகள் கிடந்தன, கொண்டு வந்து கூண்டைச் சுற்றிக் கட்டினேன். உன் தங்கை நூலகத்திலிருந்து ஒரு தடிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, கண்ணாடி வேண்டாம், வேண்டாம் என்று பின்னாலேயே வந்தாள். பருந்து அந்தப் புத்தகத்தைப் படித்திருக்காது என்றேன். கோபித்துக்கொண்டாள். (கோபிக்கவில்லை. கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று சேவலுக்குப் புரியாது, வேறு சேவல் வந்துவிட்டது என்று நினைக்கும். அதைத்தான் சொல்ல வந்தேன். சொல்ல விட்டால்தானே.)

கண்ணாடி கட்டியதில் பருந்துக்கு ஒரு குறையும் வரவில்லை. சேவலுக்குத்தான் கிறுக்குப் பிடித்தது. எதிரே நிற்பவனை ஒரு வழி பண்ணாமல் விடுவதில்லை என்று விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை கண்ணாடியோடு மல்லுக்கு நின்றது. ஆபத்து வந்தால் குரல் கொடுக்க வேண்டிய காவல்காரன் தன்னோடு தானே அடித்துக்கொண்டிருந்தால் வீடு உருப்படுமா. நல்லவேளை, சீக்கிரமே கண்ணாடிகளைக் கழற்றிவிட்டேன். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. (நடந்தது. அப்பா கூண்டில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கப் போயிருக்கிறார், அவர் வருவதற்குள் எழுதிவிடுகிறேன். கடைக்கு லீவு விட்ட நாள், மத்தியானச் சாப்பாட்டு நேரம். சேவல் வானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணாடியைக் கொத்திக்கொண்டிருந்தது. பருந்து வெள்ளைப் பெட்டையின் மேல் இறங்கிவிட்டது. அப்பா தட்டைத் தள்ளிவிட்டு ஓடினார். கம்பு தேட நேரம் இல்லை, நடுவில் கையைக் கொடுத்தார். பருந்து கோழியை விட்டது, கையை உடனே விடவில்லை. அப்பா சத்தமே போடவில்லை. கடையில் தலையை ஆட்டுகிற குழந்தைகளிடம் பேசுவாரே, அதே குரலில் விடுப்பா, விடுப்பா என்று சொல்லிக்கொண்டிருந்தார். கட்டுப் போட்ட நர்ஸிடமும் சவரக்கத்தி என்றுதான் சொன்னார். ஒரு கத்தி எப்படி ஒரே சமயத்தில் மூன்று இடத்தில் குத்தும் என்று நர்ஸ் கேட்டார். அது புதுக் கத்தி என்றார் அப்பா. இத்தனை வருஷத்தில் ஒருவர் முகத்திலும் கீறல் போடாத கை அண்ணா அது. கத்தி பட்டுவிட்டது என்ற பேச்சு தெருவெல்லாம் பரவி, வாடிக்கையாக வருகிறவர்கள் அடுத்த தெருக் கடைக்குப் போகிறார்கள். தன் கையையே வெட்டிக்கொண்டவரிடம் யார் கழுத்தை நீட்டுவார்கள், உண்மையைச் சொன்னால்தான் என்ன என்று அம்மா கேட்டாள். கோழிக்காகக் கையைக் கொடுத்தவன் என்று பேர் வாங்குவதற்கு இது எவ்வளவோ மேல் என்கிறார். அம்மா உனக்கு எழுதச் சொன்னது: உங்கள் இரண்டு பேரையும் பெற்றபோதுகூட இந்த மனுஷன் இப்படி விழுந்தடித்து ஓடி வரவில்லை. அப்பா வந்துவிட்டார்.)

எங்கே விட்டேன். நான் ஒரு வரி சொன்னால் இவள் நாலு வரி எழுதுகிறாள், எழுத்தைப் பெரிதாகப் போடுகிறாள் போலிருக்கிறது. ஆ, கோழிகளை எடுத்துப் போக அந்த ஆள் வருவதைப் பற்றி. வரட்டும், எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. ஆனால் வெள்ளைப் பெட்டை இப்போது அடையில் உட்கார்ந்திருக்கிறது. அடையில் இருப்பதைக் கிளப்பினால் முட்டையெல்லாம் வீணாகும். குஞ்சு பொரித்துவிட்டால் தாயையும் குஞ்சுகளையும் பிரிக்க முடியாது. குஞ்சுகள் தேறுவதற்குள் மழைக்காலம் வந்துவிடும், காலில் இறகு இருப்பதை மழையில் ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு அலையலாமா. சேவலைக் கேட்கவே வேண்டாம். சண்டையில் வாலிறகெல்லாம் உதிர்ந்து துடைப்பக்கட்டை மாதிரி நிற்கிறது. இதை அலங்காரக் கோழி என்று கொடுத்தால், வாங்குகிறவர் உன்னைத்தான் ஏமாற்றுக்காரன் என்பார். கூண்டுக்கு மேலே இப்போது நல்ல வலையாக வாங்கி இழுத்துக் கட்டியிருக்கிறேன், இவ்வளவு சிரமப்பட்டுக் கட்டியதை உடனே அவிழ்ப்பதும் அசட்டுத்தனம். ஆகவே இப்போதைக்கு அவசரம் இல்லை என்று நீயே அவரிடம் பக்குவமாகச் சொல்லிவிடு. உன் நல்ல பேருக்காகத்தான் சொல்கிறேன். எனக்கென்ன.

(இதுவரை எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னார். அவருடைய மூக்குக்கண்ணாடி கடையில் இருக்கிறது. அடைப்புக்குறிகளை மட்டும் விட்டுவிட்டு வாசித்தேன். சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறாய், நேர்மையான பெண் என்றார். அதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை, ஆனாலும் இதை எழுதாமல் இருக்க முடியாது. அண்ணா, அந்த ஆள் நேற்றே வந்துவிட்டார். இந்தப் பக்கம் வேறு வேலையாக வந்தவர், அப்படியே கோழிகளையும் எடுத்துப் போகலாம் என்று கூடையோடு வந்து நின்றார். அப்பா வாசலை அடைத்துக்கொண்டு, நீங்கள் வீடு தவறி வந்திருக்கிறீர்கள், இங்கே கோழியே கிடையாது என்றார். சொல்லி வாய் மூடவில்லை, பின்பக்கம் சேவல் கூவியது. அந்த ஆள் அப்பாவையே பார்த்தார். அது ரேடியோ என்றார் அப்பா. ரேடியோ மறுபடியும் கூவியது. அவர் அப்பாவின் கைக்கட்டை ஒரு பார்வை பார்த்தார். ரொம்ப நல்ல ரேடியோவாக இருக்கிறதே, கொடுக்கிற எண்ணம் இருந்தால் சொல்லுங்கள், எடுத்துக்கொள்கிறேன் என்றார். சிரிக்காமல்தான் கேட்டார். அப்பாவும் சிரிக்கவில்லை. "அது என் பையனோடது. அவன் வர்ற வரைக்கும் இங்கதான் இருக்கும்" என்றார். அவர் சரிங்க என்று கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆகையால் நீ யாரிடமும் பக்குவமாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. எப்போது வருகிறாய் என்று மட்டும் எழுது.)

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. வேளைக்குச் சாப்பிடு. குளித்துவிட்டு ஈரத் தலையோடு வெளியே போகாதே. நீ அனுப்பிய படத்தில் இடது காதுக்கு மேலே முடி ஒரு பக்கம் தூக்கி நிற்கிறது, எந்த மகராசன் வெட்டினானோ, அவனிடம் இனிமேல் தலையைக் கொடுக்காதே. ஒரு நோயும் அண்டாமல், நினைத்ததெல்லாம் கைகூடி, நீ நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். அம்மாவும் இதையே சொல்லச் சொன்னாள். போன் பண்ணினால் முதலில் எங்களை விசாரி. கோழிகளைப் பற்றி நீ கேட்கவே வேண்டாம், நானே சொல்வேன்.

இப்படிக்கு,
இடது கையால் கையெழுத்திடும்
உன் அன்புள்ள அப்பா