மூன்று போட்டாலும் எட்டு போட்டாலும்

விளாங்குடி, மதுரை
வைகாசி 5

அன்பு மகன் அழகுபாண்டிக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகள் சுபலட்சுமியும் இருமல் தும்மல் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, அந்தக் குளிரிலும் தெம்பாக இருக்க வேண்டும். இங்கே நானும் உன் அப்பாவும் வெயிலில் வெந்துகொண்டே சௌக்கியமாக இருக்கிறோம். அழகர் மலைக்குத் திரும்பிய பிறகும் வெக்கை அடங்கவில்லை, மத்தியானம் குழாயைத் திறந்தால் டீ போடுகிற சூட்டில் தண்ணீர் வருகிறது. நீ டென்மார்க்கிலேயே நிரந்தர வேலைக்குக் கையெழுத்துப் போடவா, இல்லை பெங்களூரு ஆபீசுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வரவா என்று கேட்டு ரெண்டு மாசம் ஆகிறது. "நீங்க என்ன சொல்றீகளோ அதுதாம்மா" என்று வேறு சொல்லிவிட்டாய். ஜூன் பதினைந்துக்குள் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றாய். ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் பேச்சை மாற்றிக்கொண்டே வந்தது உனக்குத் தெரியாமலா இருக்கும்? பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. ஆனால் அது சுடோகு வழியாகத்தான் வரும். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உன் அப்பா பிடுங்கி அங்கே மழையா என்று கேட்பார், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தாண்டித் தாண்டிப் படிக்காதே, அது உன் அப்பன் பழக்கம்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பேப்பரில் வரும் சுடோகுவை நான் பிடித்துக்கொண்டது உனக்குத் தெரியும். குறுக்கே ஒன்பது வரிசை, நெடுக்கே ஒன்பது வரிசை, உள்ளே ஒன்பது பெட்டி, எதிலும் ஒரு எண் ரெண்டு தடவை வரக்கூடாது, அம்புட்டுதான் சட்டம். பேப்பர் சுடோகு இப்போது எனக்குக் காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிடுகிறது. உன் அப்பாவும் போடுகிறார், பேனாவால்! மனதில் பட்டதை எழுதிக்கொண்டே போய், கடைசியில் ஒரே வரிசையில் ரெண்டு ஐந்து வந்து நின்றதும் பேப்பர்காரன் தப்பாக அச்சடித்துவிட்டான் என்று திட்டுவார். அவரோடு சேர்ந்து போட முடியாது என்று நான் கூட்டுச் சேர்ந்தது நம் தெருமுனை ஜெராக்ஸ் கடைப் பேச்சிமுத்துவோடு. உன்னைவிட நாலைந்து வயது மூத்தவன். ஆதார் கார்டும் சாதிச் சான்றிதழும் நகல் எடுக்க வருகிறவர்கள் போன பிறகு அவனுக்கும் இதே பைத்தியம்தான். நெட்டில் இருப்பதிலேயே கஷ்டமானதாகத் தேடி எனக்கு ஒன்று தனக்கு ஒன்று பிரிண்ட் போடுவான். "அக்கா, இது பேய்ப் புதிரு, குத்துமதிப்பா ஒண்ணு போட்டீங்க, சோலி முடிஞ்சுது" என்று சொல்லித்தான் கையில் கொடுப்பான். எங்களுக்குள் ஒரே ஒரு கட்டுப்பாடு. எந்த எண்ணைப் போட்டாலும், எதை அழித்தாலும், ஏன் என்று அடுத்தவர் கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். அப்படித் தோணுச்சு என்பதெல்லாம் அங்கே செல்லாது.

பேய்ப் புதிரில் எடுத்தவுடன் எண் போட முடியாது. ஒவ்வொரு காலிக் கட்டத்தின் மூலையிலும் அங்கே வர வாய்ப்புள்ள எண்களையெல்லாம் பொடிப் பொடியாகப் பென்சிலில் எழுதி வைக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வருவதுதான் வேலை. அழிப்பதற்கு எத்தனை தந்திரம் என்கிறாய்! எக்ஸ்-விங் என்று ஒன்று. ரெண்டு குறுக்கு வரிசையில் ஏழு உட்கார ரெண்டு ரெண்டு இடம்தான் இருக்கிறது, அந்த நாலு இடமும் மேலும் கீழுமாக ஒரே ரெண்டு நெடுக்கு வரிசையில் விழுகிறது என்று வை. மேலே இடது என்றால் கீழே வலது, மேலே வலது என்றால் கீழே இடது. எப்படி உட்கார்ந்தாலும் அந்த ரெண்டு நெடுக்கு வரிசைக்கும் ஏழு கிடைத்துவிட்டது. அதனால் அந்த நெடுக்கில் வேறு எங்கெல்லாம் பொடி ஏழு இருக்கிறதோ அத்தனையும் அழிக்கலாம். ஏழு எங்கே என்று இன்னும் தெரியாது பார், ஆனால் எங்கே இல்லை என்று சத்தியம் பண்ணலாம். இதை முதல் தடவை நானாகக் கண்டுபிடித்த அன்று அடுப்பில் குழம்பு அடிப்பிடித்துவிட்டது, உன் அப்பா அதையும் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் போனார்.

போன மாசக் கடைசியில் பேச்சிமுத்து ஒன்று கொடுத்தான் பார், மூன்று நாள் என் உயிரை வாங்கிவிட்டது. எக்ஸ்-விங் போட்டாயிற்று, அதைவிடப் பெரியதும் போட்டாயிற்று, நகரவில்லை. நடுப்பெட்டியில் ஒரு கட்டம், அதில் மூன்று அல்லது எட்டு, ரெண்டே வாய்ப்பு. இந்த மாதிரி நேரத்துக்கு என்று ஒரு சங்கிலி முறை இருக்கிறது. மூன்று என்றே வைத்துக்கொண்டு, அதனால் பக்கத்துக் கட்டம் என்ன ஆகும், அதனால் அடுத்தது என்ன ஆகும் என்று கடைசி வரை போய்ப் பார்க்க வேண்டும். பிறகு திரும்பி வந்து, எட்டு என்று வைத்துக்கொண்டு அந்தப் பாதையிலும் கடைசி வரை போக வேண்டும். உன் அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "இதுவும் குத்துமதிப்புதான செல்வி, நான் பேனாவுல செய்யிறத நீ பென்சில்ல செய்யிற" என்றார். எனக்கு வந்ததே கோபம்! குத்துமதிப்பு என்றால் ஒரு வழியில் போய்விட்டுச் சாமி கும்பிடுவது, இது ரெண்டு வழியும் நடந்து பார்த்துவிட்டு வந்து பேசுவது என்று சொன்னேன். சரி சரி என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு போய்விட்டார். எட்டுப் பாதையில் போனேன். ஏழாவது அடியில் ஒரு கட்டத்தில் எந்த எண்ணும் வர முடியாமல் பாதை அடைத்துக்கொண்டது. அப்படியானால் எட்டு கிடையாது, மூன்றுதான் என்று தைரியமாக எழுதினேன். அரை மணி நேரத்தில் ஒரே வரிசையில் ரெண்டு ஏழு. வாய் கூசாமல் நானும் பிரிண்டே தப்பு என்று சொல்லிக்கொண்டு கடைக்குப் போனேன். பேச்சிமுத்து தன் தாளையும் என் தாளையும் பக்கத்தில் வைத்து விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுக்கொண்டே வந்தான். பாதை அடைத்த கட்டத்தில் நின்றுவிட்டான். அவன் தாளில் அங்கே 2, 4, 9 என்று மூன்று பொடி எண். என் தாளில் 4, 9 மட்டும். "இந்த ரெண்ட எதுக்குக்கா அழிச்சீங்க?" என்றான். யோசித்து யோசித்துப் பார்த்தேன், ஒரு காரணமும் இல்லை. ரெண்டு இல்லாவிட்டால் அந்த மூலை சுலபமாக முடியுமே என்று ஆசைப்பட்டு அழித்திருக்கிறேன், அவ்வளவுதான். அந்த ரெண்டைத் திரும்ப எழுதி எட்டுப் பாதையில் மறுபடி நடந்தால் பாதை திறந்தே இருந்தது, மூன்றுப் பாதையில் ரெண்டு ஏழு வந்து நின்றதும் அந்த அழிப்பால்தான். அதைவிட ஆச்சரியம், கீழ்ப்பெட்டியின் ஓரக் கட்டத்தில் மூன்று வழியாகப் போனாலும் ஆறு, எட்டு வழியாகப் போனாலும் ஆறு. நடுவில் மூன்றா எட்டா என்று இன்னும் தெரியாது, ஆனால் ஓரத்தில் ஆறு என்பதை யாராலும் அசைக்க முடியாது. அந்த ஆறை எழுதியதும் அதைச் சுற்றி நாலைந்து கட்டம் மளமளவென்று திறந்துகொண்டது.

கடையிலிருந்து வீட்டுக்கு எம்புட்டுத் தூரம், பத்து வாசல்கூட இல்லை. அதை நடந்து வர எனக்கு அன்றைக்கு ரொம்ப நேரமாயிற்று. உன் சங்கதியைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். டென்மார்க் என்று வைத்துப் பார்த்தேன். ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவை மூன்று வாரம் வருவாய், அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். பெங்களூரு என்று வைத்து, இந்தத் தடவை நேர்மையாகக் கடைசி வரை போனேன். உனக்கு அங்கே வேலை, சுபாவுக்கும் அங்கேயே வேலை, பிள்ளை பிறந்தால் பள்ளிக்கூடமும் அங்கேதான். மறுநாள் கே.கே. நகரில் என்னோடு எக்ஸ்சேஞ்சில் இருந்த சுந்தரவல்லியிடம் போய் உன் மகன் பெங்களூரிலிருந்து வருசத்துக்கு எத்தனை தடவை வாரான் என்று கேட்டேன். தீபாவளிக்கும் சித்திரைத் திருவிழாவுக்கும் என்றாள், அதிலும் போன வருசம் தீபாவளிக்கு லீவு கிடைக்கவில்லையாம். ஆக, எந்த வழியில் போனாலும் விளாங்குடி வீட்டில் நானும் உன் அப்பாவும் மட்டும்தான். நாலு வருசத்துக்கு முன்னால் நீ விமானம் ஏறிய அன்றே இது தாளில் எழுதியிருந்தது, நான்தான் காரணம் இல்லாமல் அழித்து வைத்திருக்கிறேன். "மாப்ள எப்ப வாரான்?" என்று உன் அழகுராஜா மாமா கேட்கும்போதெல்லாம் இந்த வருசம் வந்துருவான் என்று சொல்லிச் சொல்லி, மாடியைப் பூட்டி வைத்து, வாரா வாரம் நானே ஏறிப் பெருக்கிக்கொண்டிருந்தேன். உன் அப்பா கண்ணில் புரை வளர்ந்து ரெண்டு வருசமாகிறது, ஆபரேசனுக்கு என்று டாக்டர் சொல்லும்போதெல்லாம் பாண்டி வரட்டும், பாண்டி வரட்டும் என்று தள்ளினது நான்தான். உனக்கு இதைச் சொல்லவே இல்லை. மனது வலித்தது ராசா, பொய் சொல்ல மாட்டேன். ரெண்டு நாள் பென்சிலைத் தொடவில்லை.

மூன்றாம் நாள் உன் அப்பாவை உட்கார வைத்து, ஒரு தாளில் ரெண்டு பாதையும் போட்டுக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். வழக்கமாக நடுவில் எழுந்து போகிற மனுசன், அசையாமல் கேட்டார். தாளை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். "அப்ப ரெண்டு பக்கம் போனாலும் நாம ரெண்டு பேருதானா செல்வி?" என்றார். ஆமாம் என்றேன். பிறகு, "அப்பறம் யாரு வரணும்னு கண்ணக் காட்டாம கெடக்கேன்?" என்று கேட்டுவிட்டு, டாக்டர் சீட்டை அவரே போய் எடுத்து வந்தார். கே.கே. நகர் ஆஸ்பத்திரியில் மே இருபத்தொன்பதாம் தேதி வியாழக்கிழமை இடது கண்ணுக்கு நாள் வாங்கிவிட்டோம். மாடியையும் திறந்தாயிற்று, மாமா மகள் மீனா நர்சிங் படிக்க ஜூனில் வாராள், அங்கேதான் தங்கப்போகிறாள். நீங்கள் வந்தால் கீழே எங்களோடு படுத்துக்கொள்ளுங்கள்.

உனக்கு மூன்றா எட்டா என்று எனக்குத் தெரியாது, அதை என்னால் போடவும் முடியாது. உனக்கும் சுபாவுக்கும் எங்கே நல்லது என்று நீங்கள் ரெண்டு பேரும் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மா அப்பா தனியாக இருப்பார்களே என்பதை அந்தக் கணக்கில் சேர்க்காதே, அது ரெண்டு வழிக்கும் பொதுவானது, எங்கள் பாடு. ஆபரேசனுக்கு ஓடி வருகிறேன் என்று டிக்கெட் பார்க்க வேண்டாம், மறுநாள் காலை கட்டு அவிழ்த்த பிறகு வீடியோவில் கூப்பிடு, உன் முகம் தெளிவாகத் தெரிகிறதா என்று அவர் பார்க்கட்டும். சுபாவுக்குச் சளி பிடித்தால் மிளகு தட்டிப் போட்டு ரசம் வைத்துக்கொடு, உனக்குக் கை ஒன்றும் தேய்ந்துவிடாது. ரெண்டு பேரும் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டு, எங்கே இருந்தாலும் நிறைவாக வாழ எங்கள் ஆசீர்வாதம். ஜூன் பதினைந்துக்கு முன்னால் போன் பண்ணு. கேட்காதே, சொல்.

உன் அம்மா,
தாமரைச்செல்வி