ஒரு ஆளுக்குப் போட்ட ரூம்

சோழபுரம்,
மார்கழி 18

அன்பு மகன் ப்ரஹலாத்துக்கு அப்பா எழுதுவது.

ஏலே, சுகமா இருக்கிறாயா? மருமகள் கமலினி நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? பேத்தி அனுக்ரஹா குப்புற விழுந்துவிட்டாள் என்று உன் அம்மா போனில் சொன்னாள். கொழுக்கட்டை அவித்தீர்களா, இல்லை அந்த ஊரில் அதற்கும் கேக்குதானா?

இங்கே நான் நன்றாக இருக்கிறேன். கோபத்தைத் தவிர உடம்பில் வேறு கோளாறு இல்லை. அந்தக் கோபமும் உன் மேல்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் என்ன சொன்னாய்? "அம்மாவுக்குத் தை பன்னெண்டாம் தேதிக்கு டிக்கெட் போட்டாச்சுப்பா. காலையில மெட்ராஸ்ல எறங்குவாக. போகும்போது தங்குன அதே ஓட்டல்தான், ஒரு ஆளுக்கு ரூம் போட்டுட்டேன். பகல் பூரா தூங்கிட்டுப் பொதிகை ரயில்ல ஏறி வந்துருவாக. நீங்க எதுக்கு அலையுதீக?" என்றாய். லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

நீ எப்போதும் போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். உன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். அவளை வைத்துக்கொண்டு சொல்ல முடியாத விஷயம் இது. அதனால்தான் இந்தக் கடிதம். கிறிஸ்துமஸுக்கு வந்த நம் ஞானதுரை மகள் ஜெயசித்ரா இன்றைக்கு உங்கள் மெல்பர்னுக்குத் திரும்புகிறாள். அவள் கையில் கொடுத்துவிடுகிறேன்.

எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். பள்ளிக்கூட வாசலை நான் மிதித்ததில்லை. பஞ்சு ஜின்னிங் மில்லில் மூட்டை தூக்கிய காலத்தில் அறிவொளி வகுப்பு என்று நடத்தினார்கள், அங்கே கற்ற எழுத்துதான். சீனியம்மாள் என்று ஒரு டீச்சர். முதலில் அவரவர் பேரை எழுதச் சொன்னாள். வரதரா வரைக்கும் சுலபமாக வந்துவிட்டது. கடைசியில் நிற்கிற 'ஜ்' என் கழுத்தை அறுத்தது. ஒரு மாசம் மில் சம்பளத்தையே 'வரதரா' என்று கையெழுத்துப் போட்டு வாங்கினேன். சரி, அது கிடக்கட்டும். ஆனால் பேர் விஷயம் பின்னால் வரும், ஞாபகம் வைத்துக்கொள்.

இப்போது நீ போட்டுக்கொடுத்த ஓட்டல் கதைக்கு வருகிறேன்.

ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்த மூன்றாம் நாள், உன் அம்மாவை உங்களிடம் விமானம் ஏற்றிவிடக் கிளம்பினோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் உனக்குப் பால்கோவா வாங்கிக்கொண்டு அங்கேயே பொதிகையில் ஏறினோம். எதிர் சீட்டில் ஒரு ராஜபாளையத்துக்காரர், மடியில் பிள்ளையை வைத்திருப்பது மாதிரி ஒரு பலாப்பழத்தை வைத்திருந்தார். மகள் வீட்டுக்காம். பழுத்த பழம், பெட்டி முழுக்க வாசம். விருதுநகர் தாண்டும் வரை உன் அம்மா பொறுத்தாள். பிறகு, "அண்ணாச்சி, பேசாம கீறிருங்க. மகளுக்குக் கொட்டையக் கொண்டு போங்க, அவிச்சுத் திங்கட்டும்" என்றாள். பெட்டியே சிரித்தது. பயம் வந்தால் அவள் அப்படித்தான் பகடி பேசுவாள். முதல் விமானம், அதுவும் ஒற்றையில். அந்தப் பயம் எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது.

எழும்பூரில் இறங்கினோம். ரயிலடியிலிருந்து ஓட்டலுக்கு ஆறு நிமிஷ நடை என்றாய். ஏர்போர்ட் ரயிலுக்கும் அதுதான் பக்கம் என்றாய். உன் போனுக்கு மூட்டை முடிச்சு கிடையாது, அது நடந்துவிடும். எங்களிடம் இரண்டு பெரிய பெட்டியும் ஒரு மஞ்சள் பையும் இருந்தன. "ஸ்டேஷன் பக்கத்துல ஒரு ஓட்டல் இருக்காமே" என்று ஒருவரிடம் கேட்டேன். அவர் ஒரு போலீஸ் ஸ்டேஷனையும் அதற்கு எதிரே ஒரு இட்லிக் கடையையும் கைகாட்டினார். அவர் மேல் என்ன தப்பு? நமக்கும் ஸ்டேஷன் என்றால் போலீஸ், ஓட்டல் என்றால் இட்லி. படுப்பதற்கு லாட்ஜ் என்றல்லவா கேட்டிருக்க வேண்டும். போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது.

அங்கே கழுத்தில் டை கட்டிக்கொண்டு ஒருத்தன் நின்றான். உன் அம்மாவின் ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்தான். அதில் அவள் பேருக்குக் கீழே அவள் அப்பா பேர், அவள் பிறந்த ஊரான சுந்தரபாண்டியத்து விலாசம். உன் அம்மாச்சி படுக்கையில் கிடந்த வருஷம் அங்கே போய் இருந்தபோது எடுத்த அட்டை. மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று பத்து வருஷம் ஓடிவிட்டது. என் அட்டையில் சோழபுரம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, திருட்டு மாட்டைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். "ரூம் பங்கஜவல்லி மேடம் பேர்ல, ஒருத்தருக்குத்தான் இருக்கு. நீங்க யாரு சார்?" என்றான். புருஷன் என்றேன். "ப்ரூஃப் இருக்கா?" என்றான்.

ப்ரூஃப்! உன்னைத்தான் காட்ட வேண்டும், நீ மெல்பர்னில் இருக்கிறாய்.

பின்னால் நாலு பேர் வரிசையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவன் யோசித்து, "சரி, மேடமே சொல்லட்டும். உங்க ஹஸ்பெண்ட் பேர் என்னம்மா?" என்றான்.

உனக்குத் தெரியுமே. கல்யாணமாகி நாற்பத்தோரு வருஷத்தில் உன் அம்மா என் பேரை வாயால் சொன்னதில்லை. சொன்னால் ஆயுசு குறையுமாம். ரேஷன் கடையில் கேட்டால் என்னைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துவாள். ஆண்டாள் சன்னதியில் அர்ச்சனைக்குப் பட்டர் கேட்பதே இல்லை, அவராகவே சொல்லிக்கொள்வார். இவன் கேட்கிறான்.

அவள் குனிந்துகொண்டு, "காஞ்சிபுரத்துல இருக்காருல்லய்யா, அந்தச் சாமி பேரு" என்றாள். "காமாட்சியா?" என்றான். "ஆம்பளச் சாமிய்யா" என்றாள். "ஏகாம்பரமா?" என்றான். "அது சிவன்லய்யா. இவரு நாப்பது வருசத்துக்கு ஒருக்க கொளத்துக்குள்ள இருந்து எந்திரிச்சு வருவாரே. ஊரே போயிப் பாத்துச்சே!" என்றாள். அவன் பக்கத்தில் இருந்தவனிடம் திரும்பி, "இவங்க ஹஸ்பெண்ட் குளத்துக்குள்ள இருந்து வருவாராம்" என்றான். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

காஞ்சிபுரம் அவனுக்குக் கைக்கெட்டும் தூரம். சோழபுரத்தில் கிடக்கிற நமக்குத் தெரிகிறது, அவனுக்குத் தெரியவில்லை. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "ஏலே, வரதராஜ்னு அட்டையிலயே போட்டிருக்குல்லா!" என்று கத்தினேன். "நீங்க சொல்லக் கூடாது சார், அவங்கதான் சொல்லணும்" என்று பரீட்சையில் பார்த்து எழுதியவனைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தான். மேடம் மட்டும் ரூமுக்குப் போகலாம், நான் வெளியே போக வேண்டும் என்று முடித்துவிட்டான்.

உன் அம்மா சாவியை வாங்கவில்லை. "வாங்க போவோம்" என்று ஒரு பெட்டியை உருட்டிக்கொண்டு முதல் ஆளாக நடந்தாள்.

ப்ரஹலாத், நீ போட்ட அந்த ரூமில் அவள் ஒரு நிமிஷம்கூடப் படுக்கவில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை எழும்பூர் ரயிலடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். புளியோதரையை அங்கேதான் பிரித்தோம். அவள் கால் வீங்கிப் போனது. பெட்டியில் சேலைக்கு நடுவே வைத்திருந்த பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் என் பேர் அச்சடித்திருப்பது அப்போதுதான் எங்களுக்கு ஞாபகம் வந்தது. "இப்பவே போயி அவன் மூஞ்சிக்கு நேரா காட்டுதேன்" என்று எழுந்தேன். அவள் கையைப் பிடித்து உட்கார வைத்து, "நான் உங்க பொண்டாட்டினு காயிதம் காட்டித்தான் அந்தக் கட்டில்ல படுக்கணுமா? இந்தப் பெஞ்சுல யாரும் ஒண்ணும் கேக்கல. உக்காருங்க" என்றாள்.

உன்னிடம் "ரூம் நல்லா இருந்துச்சுய்யா, ஏசி போட்டுத் தூங்குனேன்" என்று சொன்னாளே, அது நீ வருத்தப்படக் கூடாது என்று சொன்ன பொய். இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டாதே.

சாயங்காலம் மின்சார ரயிலில் திரிசூலத்தில் இறங்கி ஏர்போர்ட்டுக்குப் போனோம். வாசலில் டிக்கெட் உள்ளவர்களைத்தான் விடுவார்கள். துப்பாக்கிக்காரர் அவளை மட்டும் விட்டார். வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம் என்று நான் திரும்பி நடந்துவிட்டேன். பிரஷர் மாத்திரை இருந்த மஞ்சள் பை என் தோளிலேயே கிடந்தது, எனக்கு நினைப்பில்லை. அவள் வாசலுக்கே ஓடி வந்து "ஏங்க" என்று கூப்பிட்டிருக்கிறாள். பத்து ஆம்பளை திரும்பியிருப்பான். என் வலது காதுதான் மில்லோடு போயிற்றே, நான் திரும்பவில்லை.

அப்போது "வரதராஜூ!" என்று ஒரு குரல்.

யாரோ நம் ஊர்க்காரன் என்று நினைத்துத்தான் திரும்பினேன். அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். துப்பாக்கிக்காரர்தான் பையை வாங்கி அவளிடம் கொடுத்தார். வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அஞ்சு மாசமாகிறது. போனில் பேசுகிறாள், குழந்தையைப் பற்றிச் சொல்கிறாள், மாத்திரை போட்டீர்களா என்று கேட்கிறாள். அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அதனால் அந்த ரூமை ரத்து செய். நான் வேறு இடம் பார்த்துவிட்டேன். பேண்டேஜ் துணி ஏற்றிக்கொண்டு மாசம் தவறாமல் மெட்ராஸ் போகிற சோலைராஜ் சொன்ன லாட்ஜ். தாம்பரம் ரயிலடிப் படியை விட்டு இறங்கினால் போர்டு தெரியும். திரிசூலத்திலிருந்து நாலாவது ஸ்டேஷன். பொதிகையும் அங்கே நிற்கும், எழும்பூருக்குப் போக வேண்டியதே இல்லை. நீ நட்சத்திரத்தை எண்ணி ஓட்டல் பார்க்கிறாய். நான் போன் போட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "புருசன் பேரச் சொல்லலேன்னா உள்ள விடுவீங்களா?" என்றேன். அந்த ஆள் சிரித்துவிட்டு, "எங்கம்மாவும் சொல்ல மாட்டாங்க ஐயா, கூட்டிட்டு வாங்க" என்றார். ரூம் இரண்டு ஆளுக்கு. இரண்டு பேர் பேரையும் நானே சொல்லி எழுதச் சொல்லிவிட்டேன்.

அவள் தூங்கட்டும். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். அலைச்சல் என்று மட்டும் இன்னொரு தடவை சொல்லாதே.

பேத்தி தவழ்ந்து, நடந்து, நம் வாசலுக்கு ஓடி வரவேண்டும். ஆண்டாள் துணை இருப்பாள். இதோ ஞானதுரை தெருவில் நின்று, "ஏலே வரதராஜூ, காரு கெளம்புது, இன்னும் என்ன ராமாயணமா எழுதுத?" என்று சத்தம் போடுகிறான். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஒன்றே ஒன்று. அம்மாவை விமானம் ஏற்றும்போது சும்மா சொல்வது போலச் சொல்லு, அப்பா மெட்ராஸ் ஏர்போர்ட் கண்ணாடிக்கு வெளியே நல்ல காதைத் திருப்பிக்கொண்டு நிற்பார், ஆனாலும் அந்தக் கூட்டத்தில் ஏங்க என்றால் கேட்காது, அதனால் போன தடவை மாதிரியே